காலையில் பத்துத் தும்மல்: ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

புதூர்வாசி | ஜூலை 6, இரவு 10.40

வணக்கம். மதுரை கே.புதூரில் தரைத்தள வாடகை வீடு. மகனுக்கு ஏழு வயது. ஒரு வருடமாகவே காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். மூக்கொழுகும், கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொள்வான். மாதம் ஒரு தடவையாவது வீசிங் வந்து நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈஸ்னோபில் என்கிற வெள்ளணு கூடுதலாக இருக்கிறது, டஸ்ட் அலர்ஜி என்றார்கள்.

எங்கள் தெருவில் மார்ச் மாதம் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். மூடியதோடு சரி, தார் போடவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ போனால் போதும், வீட்டுக்குள் இருக்கும் டிவி மேல் விரலால் பெயர் எழுதலாம். ஆடி பிறக்கும் முன்பே காற்றும் ஆரம்பித்துவிட்டது. மனைவி ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்குகிறார். பெருக்கப் பெருக்க வருகிறது.

பதினைந்தாயிரம் ரூபாயில் ஒரு ஏர் பியூரிஃபையர் பார்த்து வைத்திருக்கிறேன். என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. வாங்கினால் பலன் இருக்குமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மைனர் | ஜூலை 6, இரவு 11.05

தரைத்தளம், கரண்ட் போனால் ஜன்னலைத் திறக்காமல் இருக்க முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பியூரிஃபையர் ஓட்டுவது வைகைக்கு வடிகட்டி போடுகிற மாதிரி. அந்தக் காசுக்குத் தெருவில் தினமும் ஒரு லாரித் தண்ணீர் அடிக்கலாம் பங்காளி.

வார்டு அக்கா | ஜூலை 7, காலை 6.20

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், சுருக்கமாகக் கேட்கிறேன். வாங்குவதற்கு முன் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் தம்பி. தும்மல் எந்த நேரத்தில் அதிகம்? வேறு ஊருக்குப் போனால் எப்படி இருக்கிறான்? எதில் படுக்கிறான், தலையணை எத்தனை வருடப் பழசு? டாக்டர் தினமும் எடுக்கச் சொல்லி இன்ஹேலர் ஏதும் எழுதினாரா, எடுக்கிறானா?

புதூர்வாசி | ஜூலை 7, இரவு 8.15

அக்கா, விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரை. பள்ளிக்கூடம் மெயின் ரோட்டில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே தும்முவதாக டீச்சர் ஒரு நாளும் சொன்னதில்லை. மே மாதம் உசிலம்பட்டிப் பக்கம் அவன் அம்மாச்சி வீட்டில் 20 நாள் இருந்தான். வாசலிலேயே ஆட்டுக்கொட்டில், சுற்றிலும் செம்மண். பகல் முழுக்க அதில்தான் புரண்டான். இராத்திரி மொட்டை மாடியில் கோரைப்பாய் விரித்துத் தூக்கம். நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது, அந்த 20 நாளும் தும்மலே இல்லை. ஊருக்குத் திரும்பி இரண்டாம் நாள் காலையே ஆரம்பித்துவிட்டது. மதுரைத் தூசிதான் காரணம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டோம்.

கட்டிலில் எங்களுக்கு நடுவில் படுப்பான். மெத்தையும் தலையணையும் இலவம்பஞ்சு, கல்யாணச் சீரில் வந்தது. ஒன்பது வருடம் ஆகிறது.

இன்ஹேலர் எழுதினார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள், பழகிவிடும் என்று பயம். ஒரு வாரம் கொடுத்து நிறுத்திவிட்டோம்.

வார்டு அக்கா | ஜூலை 7, இரவு 9.50

பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். தெருப்புழுதிதான் காரணம் என்றால் அம்மாச்சி வீட்டில் செம்மண்ணில் புரண்ட பிள்ளை தும்மித் தீர்த்திருக்க வேண்டும். படுத்து எழுந்திருக்கும் நேரத்தில்தான் வருகிறது. அப்படியானால் படுக்கையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புழுதி பெரும்பாலும் மண். மூக்கை அரிக்கும், தொண்டையைக் கரகரக்க வைக்கும், ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்பியும் விடும். அதனால் அது நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் அலர்ஜி கணக்கு வேறு. ஏதோ ஒரு புரதத்தை உடம்பு எதிரி என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. வீட்டுத் தூசியில் அந்தப் புரதம் பெரும்பாலும் டஸ்ட் மைட் என்கிற தூசிப்பூச்சியிலிருந்து வருகிறது. பூச்சி என்று சொன்னாலும் எட்டுக்கால், உண்ணி வகையறா. சுமார் கால் மில்லிமீட்டர், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் உடம்பில் உதிரும் தோல் செதிலைத் தின்னும். தண்ணீர் குடிக்காது, காற்றில் உள்ள ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். தலையணையில் அதற்கு எல்லாமே கிடைக்கிறது: செதில், வியர்வை, வெதுவெதுப்பு. நம்மைத் தும்ம வைப்பது அதன் எச்சம். பூச்சி செத்த பிறகும் எச்சமும் காய்ந்த உடம்பும் பஞ்சுக்குள்ளேயே கிடக்கும். அதில் மூக்கைப் புதைத்து எட்டு மணி நேரம் தூங்குகிறான் பிள்ளை.

இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது, அதில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓரளவு தெரியும். அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள், டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈஸ்னோபில் மட்டும் வைத்து அலர்ஜி என்று முடிவு செய்யவும் முடியாது. வயிற்றில் பூச்சி இருந்தாலும் அது ஏறும்.

இன்ஹேலர் விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். சிரப்பில் மருந்து மில்லிகிராம் கணக்கில் வயிற்றுக்குள் போய் உடம்பெல்லாம் சுற்றுகிறது. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கு, நேரே நுரையீரலுக்கு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். பழகிவிடும் என்று அதை நிறுத்திவிட்டு மாதாமாதம் நெபுலைசருக்கு ஓடுவதில் என்ன நியாயம்? ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய்) வைத்துக் கொடுங்கள், கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். வீட்டைச் சுத்தம் செய்வதெல்லாம் மருந்தோடு சேர்த்துத்தான். மருந்துக்குப் பதிலாக இல்லை.

பழையநத்தம் ரோடு | ஜூலை 7, இரவு 10.30

தூசிப்பூச்சி எல்லாம் மெத்தை விற்கிறவன் கிளப்பிவிட்ட கதை. நாங்கள் எல்லாம் மண்ணில் விழுந்து, மாட்டுச்சாணியில் கால் வைத்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு என்ன வந்தது? பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதால் வருவது இது.

ரிட்டயர்டு வாத்தியார் | ஜூலை 8, காலை 7.10

ஐயா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. 1989இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய உள்ள வீட்டுக் கடைக்குட்டிகளுக்கு இந்த மூக்கொழுகல் குறைவாக இருப்பதைக் கவனித்து எழுதினார். சின்ன வயதிலேயே கிருமிகளோடு பழகியதால் இருக்கலாம் என்றார். பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்றும் பிறகு பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் வராமல் இருப்பதைப் பற்றிய பேச்சு. வந்துவிட்ட பிள்ளையை மண்ணில் உருட்டினால் சரியாகும் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

அப்புறம், "எங்களுக்கு என்ன வந்தது" என்கிறோம். எங்கள் தெருவிலேயே இழுப்புக்காரர் என்று பட்டப்பெயரோடு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை மறந்துவிடுகிறோம்.

இலவம்பஞ்சு | ஜூலை 8, பகல் 2.25

நான் மெத்தைக் கடைக்காரன். போடியிலிருந்து பஞ்சு எடுக்கிறோம், அப்பா காலத்திலிருந்து. தொழில் கெடும் என்று பயப்படாமல் சொல்கிறேன்.

இலவம்பஞ்சு நல்ல சரக்கு. இழைக்குள் காற்று அடைத்த குழாய் போல இருக்கும், மேலே மெழுகுத்தன்மை உண்டு, அதனால் இலேசு, தண்ணீர் ஒட்டாது. ஆனால் இழை குட்டை, வழுக்கும், சீக்கிரம் ஒடியும். நாலைந்து வருடம் தலை அழுத்தி அழுத்தி நொறுங்கிய பஞ்சு பஞ்சாக இருக்காது, மாவாகிவிடும். உங்கள் தலையணையை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள். விட்டதும் எழுந்து வரவில்லை என்றால் ஆயுசு முடிந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில் என்ன பறக்கிறது என்று பார்த்த பிறகு அதில் படுக்க மாட்டீர்கள்.

நிறையப் பேர் பழைய பஞ்சையே அடித்துத் திரும்பப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். ஒன்பது வருடப் பஞ்சை அடிக்காதீர்கள். அடித்தே தீருவேன் என்றால் வீட்டு வாசலில் வேண்டாம், பிள்ளை இருக்கிற தெருவிலேயே வேண்டாம். அடிக்கிற ஆளே மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

நுரைத் தலையணை வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அதிலும் பூச்சி ஏறும். எதை வாங்கினாலும் முதல் நாளே ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறைக்குள் போட்டு மூடிவிடுங்கள். சாதாரணத் தலையணை உறை ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டிருக்கும், அது உதவாது. உறைத் துணியின் இழைகளுக்கு நடுவில் உள்ள துளை 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). வாங்கும்போது அதைக் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடை.

மைனர் | ஜூலை 8, பகல் 2.40

அப்படியென்றால் புது மெத்தையின் பிளாஸ்டிக் கவரைப் பத்து வருடமாகக் கிழிக்காமல் வைத்திருக்கும் எங்கள் மாமா விஞ்ஞானி. நாங்கள்தான் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வார்டு அக்கா | ஜூலை 8, இரவு 9.15

சிரித்துவிட்டேன். ஆனால் மாமா செய்தது சரிதான். வேர்க்கும், சரசரக்கும், அதைப் பொறுத்துக்கொண்டால் ரெக்சின் உறையும் தடுக்கும்.

உறை ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள் தம்பி. தனியாக ஒரே ஒரு வேலையை மட்டும் செய்து பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. நாலைந்தைச் சேர்த்துச் செய்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

பெட்ஷீட், போர்வை, தலையணை உறை மூன்றையும் வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில் போடுங்கள். 55, 60 டிகிரி சூட்டில்தான் பூச்சி சாகும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் போகும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். ஹீட்டர் வைத்த மெஷின் இல்லையென்றால் அண்டாவில் கொதிக்க வைத்து ஊறப் போடுங்கள், பிள்ளையை அந்தப் பக்கம் விடாமல். பொம்மை எதையாவது கட்டிக்கொண்டு தூங்குகிறானா? அதைப் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு அப்புறம் துவையுங்கள்.

வெயில் நமக்குக் கடவுள் கொடுத்தது. மெத்தையை மொட்டை மாடியில் பதினொரு மணிக்குப் போட்டு, இடையில் ஒருமுறை திருப்பி, மூன்று மணிக்கு எடுங்கள். சூட்டிலும் ஈரம் காய்வதிலும் பூச்சி நிறைய சாகும். எடுக்கும்போது அங்கேயே நன்றாகத் தட்டிவிட்டு இறக்குங்கள். தெரு தோண்டிக் கிடப்பதால் காற்று அடிக்காத நாளாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றைக் கழித்து இன்னொன்றைக் கூட்டின கணக்கு.

செல்லூர்த் தறி | ஜூலை 9, காலை 5.45

வயதானவன், மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் வீட்டில் மூன்று முறை பெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் எழுதத் தோன்றியது. எங்கள் அப்பா மில்லில் இருந்தார். பஞ்சுத் தூசியில் வேலை. ஞாயிறு ஓய்வு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அன்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். செவ்வாய், புதன் ஆக ஆகக் குறையும். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்பார்கள். ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் டிபி இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை என்றார்கள். பைசினோசிஸ் என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் எனக்குத் தூசி மேல் ஒரு கண். என் தறிக்கூடத்தில் காய்ந்த விளக்குமாறு எடுக்க விடமாட்டேன். மரத்தூளைத் தண்ணீரில் பிசிறித் தரையில் தூவிவிட்டுத்தான் பெருக்குவோம். தூசி மரத்தூளோடு ஒட்டி உருண்டு வந்துவிடும், மேலே எழும்பாது.

வாசலைப் பாருங்கள். எந்தப் பெண்ணாவது தண்ணீர் தெளிக்காமல் வாசல் பெருக்குவாரா? கல்லாத கிழவிக்கும் தெரியும், தெளித்துவிட்டுத்தான் கூட்டவேண்டும் என்று. ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் காய்ந்த பூந்துடைப்பத்தை எடுத்து வீசு வீசென்று வீசுகிறோம். ஃபேனும் மேலே ஓடிக்கொண்டிருக்கும். கீழே கிடந்த தூசி கட்டிலுக்கு ஏறுவதற்கு நாமே ஏணி போட்டுக் கொடுக்கிறோம். ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், மூன்று தடவை பெருக்க வேண்டாம்.

கூடல்நகர் மருமகள் | ஜூலை 9, பகல் 12.10

ஐயா சொன்ன துடைப்பத்தில் இன்னொன்று இருக்கிறது. புதுப் பூந்துடைப்பம் வாங்கினால் ஒரு மாதம் வரை பொடியாக உதிரும். பெருக்கின இடத்தில் பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி விழும். அது அந்தப் புல்லின் பூவும் விதையும். எங்கள் அத்தை வாங்கிய அன்றே பின்பக்கச் சுவரில் ஐம்பது தட்டுத் தட்டி, பழைய சீப்பால் தலை வாருவது போல வாரி, தண்ணீரில் முக்கித் தலைகீழாகக் காயவைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்து வருவார். எனக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. ஒரு தடவை செய்யாமல் பெருக்கிப் பார்த்தேன், அன்று முழுக்கத் தும்மல்.

ஃபேன் இறக்கைக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய தலையணை உறையைக் கொஞ்சம் ஈரமாக்கி, இறக்கையை அதற்குள் நுழைத்து, மேலும் கீழும் அமுக்கிப் பிடித்து வெளியே இழுங்கள். தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழுந்துவிடும். துடைப்பத்தால் தட்டினால் கட்டிலில்தான் கொட்டும். ஒட்டடை அடிக்கிற நாளில் பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மெத்தை மேல் பழைய சேலையை விரித்துவிட்டு அடியுங்கள், அப்புறம் அரை மணி நேரமாவது கழித்து உள்ளே விடுங்கள்.

பூனை அண்ணன் | ஜூலை 9, இரவு 10.20

பியூரிஃபையர் வைத்திருப்பவன் நான், கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே என்று வருகிறேன். எல்லீஸ் நகரில் ஃபிளாட். வீட்டில் பூனை, மனைவிக்குப் பூனை அலர்ஜி. (இரண்டில் ஒன்றை அனுப்பச் சொல்லி அறிவுரை வேண்டாம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.)

எங்களுக்கு அது உதவுகிறது. காரணம், பூனையின் எச்சிலும் தோலும் காய்ந்து வருகிற பொடி மிகவும் சன்னமானது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். மிஷின் இழுத்துக்கொள்ளும். தூசிப்பூச்சியின் எச்சம் அப்படியில்லை, கொஞ்சம் கனமானது. பெட்ஷீட்டை உதறினால் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் திரும்பப் படிந்துவிடும். படிந்த தூசியை அறை மூலையில் நிற்கும் மிஷின் எப்படி எடுக்கும்? உங்கள் பையன் தலையணைக்குள் இருப்பதை அது தொடவே தொடாது.

புகைக்கும், தெருவிலிருந்து வரும் சன்னத் தூசிக்கும் பலன் உண்டு, கதவும் ஜன்னலும் மூடியிருந்தால். மிஷினுக்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விலை கையைக் கடிக்கும். அறை அளவுக்குத் தகுந்த மிஷினாக இல்லாவிட்டால் அது வெறும் ஃபேன். ஓசோன் விடும், காற்றைச் சுத்திகரிக்கும் என்று விளம்பரம் வந்தால் தொடவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை அரிக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் நாலு ஜிப் உறை, ஒரு புதுத் தலையணை, நல்ல மாப்பு ஒன்று. மிச்சக் காசைப் பத்திரமாக வைப்பேன்.

வார்டு அக்கா | ஜூலை 10, காலை 6.35

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. இராத்திரி கொசுவுக்கு என்ன செய்கிறீர்கள்? அப்புறம், அடுப்படியில் கரப்பான் உண்டா?

புதூர்வாசி | ஜூலை 10, இரவு 9.05

சுருள்தான் அக்கா. கட்டிலுக்கு அடியில் வைப்போம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கரப்பான் இருக்கிறது, சின்னது, பழுப்பு நிறம். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்குள் குடும்பமே நடத்துகிறது. மாதம் ஒரு தடவை ஸ்ப்ரே அடிக்கிறேன்.

வார்டு அக்கா | ஜூலை 10, இரவு 10.00

கட்டிலுக்கு அடியிலா! ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வில் கணக்குப் போட்டார்கள். பிள்ளை மூக்குக்கு இரண்டடி கீழே அதைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தெருவைக் குறை சொல்கிறோம். கொசுவலை கட்டுங்கள். வலையையும் மாதம் இரண்டு தடவை துவைக்க வேண்டும், அதில் படிகிற தூசி நேரே முகத்துக்கு மேல். சாம்பிராணி போடும் நேரத்தில் பையன் வெளியே விளையாடட்டும், புகை கலைந்த பிறகு வரட்டும்.

கரப்பானின் எச்சமும் எச்சிலும் உதிர்ந்த ஓடும் வீசிங்குக்குப் பெரிய காரணம். ஸ்ப்ரே வாடையே இழுப்பைக் கிளப்பும், அதனால் அதை விடுங்கள். கரப்பானைக் கொல்லும் ஜெல் வாங்கிக் கடுகளவு புள்ளிகளாக ஃப்ரிட்ஜ் கீல், சிங்க் அடி, சிலிண்டருக்குப் பின்னால் வையுங்கள், பிள்ளை கை எட்டாத இடமாக. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல் பக்கமே வராது. இராத்திரி படுக்கும் முன் சிங்க்கைத் துடைத்து உலர்த்திவிடுங்கள். சாப்பாடு இல்லாமல் கூட இருந்துவிடும், தண்ணீர் இல்லாமல் இருக்காது. செத்து ஒழிந்த பிறகு அந்த ரப்பர் மடிப்பையும் அலமாரி மூலையையும் சோப்புத் தண்ணீரில் துடைக்க மறக்காதீர்கள், தும்ம வைக்கும் பொடி அங்கேதான் கிடக்கும்.

பழையநத்தம் ரோடு | ஜூலை 11, காலை 8.00

சுருள் கணக்கைப் படித்துவிட்டு நேற்று இரவு நானும் அணைத்துவிட்டேன். கொசு தின்றுவிட்டது. வலை எங்கே வாங்கலாம்?

கூடல்நகர் மருமகள் | ஜூலை 11, காலை 9.30

ஐயா, மீனாட்சி கோயில் எதிரே இருந்த புதுமண்டபக் கடைகள் இடம் மாறிய பிறகு நான் டவுன் பக்கம் வாங்குவதில்லை. அளவு எடுத்துத் தைத்துக் கொடுக்கிற ஆளை உங்கள் பகுதியிலேயே விசாரியுங்கள்.

புதூர்வாசி | ஆகஸ்ட் 17, இரவு 10.15

எல்லோருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே பேசி முடித்த மறுநாள் ஞாயிறு காலை மெத்தைக் கடை அண்ணன் சொன்னபடி தலையணையைக் கிழக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போய்த் தட்டினேன். வெயில் கற்றைக்குள் பனி மாதிரி எழும்பியது. உறையை உருவிப் பார்த்தால் உள் துணி டீக்கறை நிறத்தில் வட்டம் வட்டமாக. கழுத்து படும் இடத்தில் பஞ்சு கட்டி தட்டிப்போய், மற்ற இடத்தில் துணியும் துணியும் ஒட்டிக் கிடந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போய் வாசல் திண்ணையில் வைத்துவிட்டார்.

பையனுக்குப் புதுத் தலையணை, மூன்று தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் உறை. மெத்தை மாற்றக் காசில்லை, உறைக்குள் போட்டு மூடியாயிற்று. கொசுவலை. ஜெல். பெருக்குவது காலை ஒரு தடவை, அவன் பள்ளிக்குப் போன பிறகு, அதுவும் ஈர மாப்பு. மேற்கு ஜன்னலைக் காற்றுக்காலம் முழுக்க மத்தியானத்தில் சாத்தி வைக்கிறோம். வாசலில் நனைத்த சாக்கு. இன்ஹேலரைத் திரும்ப ஆரம்பித்தோம். டாக்டர் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினார். அம்மா இப்போது கடிகாரம் பார்த்து அவரே கொடுக்கிறார்.

முதல் பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தும்மல் பத்து என்பது நாலைந்தாகக் குறைந்தது. ஆகஸ்டில் இதுவரை நெபுலைசர் இல்லை. எது வேலை செய்தது, உறையா மருந்தா வலையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒன்றை நிறுத்திப் பார்க்கும் தைரியமும் இல்லை.

தெருவுக்கு இன்னும் தார் போடவில்லை.

இலவம்பஞ்சு | ஆகஸ்ட் 18, காலை 11.00

சந்தோஷம் தம்பி. மெத்தை உறையைக் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டில் ஆணியில்தான் முதலில் கிழியும்.

புதூர்வாசி | நவம்பர் 12, இரவு 9.40

மழையில் திரும்பக் கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறது. கட்டில் ஒட்டிய சுவரில் கீழேயிருந்து இரண்டடிக்கு ஈரம், கருப்புப் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கிறது. வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

செல்லூர்த் தறி | நவம்பர் 13, காலை 5.50

பெயிண்ட் வேண்டாம் தம்பி. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் மேலே பூசினால் அடுத்த மழைக்கு உரிந்து வரும், உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் இருக்கிறதா பாருங்கள், பத்துக்கு எட்டு வீட்டில் அதுதான். கட்டிலைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். பூஞ்சையைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள். துடைக்கிறவர் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும்.

புதூர்வாசி | நவம்பர் 13, இரவு 8.30

குழாயேதான் ஐயா. முழங்கை இணைப்பில் விரல் நுழைகிற அளவு விரிசல். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன், நாளை ஆள் வருகிறது.

மைனர் | நவம்பர் 13, இரவு 9.00

எல்லாம் சரி பங்காளி, திண்ணையில் வைத்த அந்தக் கல்யாணத் தலையணை என்ன ஆனது?

புதூர்வாசி | நவம்பர் 13, இரவு 9.20

குப்பை வண்டியில் போடப் போனேன். சீர்ப் பொருளை வெளியே போடக் கூடாது என்று அம்மா பிடுங்கிக்கொண்டார். பரணில் இருக்கிறது.

வார்டு அக்கா | நவம்பர் 13, இரவு 9.22

எந்த அறைப் பரண்?

புதூர்வாசி | நவம்பர் 13, இரவு 9.31

கட்டில் இருக்கிற அறைதான் அக்கா. இருங்கள், ஏணி எடுக்கிறேன்.